பங்குனியில் இருந்த இரண்டு நாட்கள்

என் மகளையும் அவளுடைய கைக்குழந்தையையும் என் வீட்டிலிருந்து அனுப்புவதற்காக நான் ஒரு பொய் சொன்னேன். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதில் இருந்த இரண்டு நல்ல நாட்களை இல்லையென்றேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பஞ்சாங்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பார்க்கத் தெரியும். அப்பாவிடமிருந்து தொற்றிய பழக்கம். எந்தக் கிழமை எந்தத் திசையில் சூலம், யாருக்கு என்றைக்குச் சந்திராஷ்டமம் என்று கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சுகிற நாளைச் சொல்வதில் கணக்குப் போடுகிற சுகம் ஒன்று இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குத்தான் போன் செய்வார்கள். "வாத்தியாரு பாத்தாத் தப்பாதுங்க, அவரு சாமியே கும்புடாதவரு, பொய் சொல்ல மாட்டாரு" என்று ஒருவர் கல்யாண வீட்டில் சொன்னதைக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மகளுக்கு முதல் பிரசவம் கார்த்திகையில் எங்கள் வீட்டில் நடந்தது. பிறந்த மாதத்தையும் சேர்த்து எண்ணி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாப்பிள்ளை வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவது எங்கள் வழக்கம். ஒற்றைப்படை மாதமாக இருக்க வேண்டும். ஐந்தாம் மாதமான பங்குனி என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். அதற்குக் காரணமும் இருந்தது. சம்பந்தியம்மா அப்போது மேட்டுப்பாளையத்தில், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த தன் தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்குனியில் அவருடைய தங்கை வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வதாக ஏற்பாடு. "பங்குனின்னா நான் ஊட்டுல இருப்பேனுங்ணா. ராத்திரிக்குப் புள்ளையை நான் வச்சுக்குவேன், அவ தூங்கட்டும்" என்று என்னிடமே சொன்னார். "நல்லதுங்க" என்று தலையாட்டினேன்.

பேத்தி இரவில் தூங்காத குழந்தை. பகலில் யார் கையிலும் சமர்த்தாக இருக்கும். விளக்கை அணைத்தால் போதும், மணிக்கொரு தரம் விழிக்கும். பால் குடித்துக் கண் சொருகும். சேலைத் தொட்டிலில் போட்டதும் மறுபடியும் விழித்துக்கொள்ளும். வடவள்ளியில் எங்கள் வீடு சின்னது. மகளின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். முதலில் ஒரு முனகல் கேட்கும். அப்புறம் தொட்டில் கட்டியிருந்த கொக்கி அசையும். அதற்குப் பிறகு ஓர் அமைதி. அழுகையைவிட அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அது வீறிட்டதும் ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருக்கும்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ராத்திரிகூட நான் விழித்ததில்லை. அவளும் என் மனைவியும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். வந்த பிறகும் "காலையில பள்ளிக்கூடம் போகோணும், அவரு தூங்கட்டும்" என்று மனைவி பார்த்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனாலும் எழுந்து போவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன்.

ஒரு நாள் ராத்திரி மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு அசந்துவிட்டாள். மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தாள்.

"அப்பா... ஏனுங்ப்பா... பாத்ரூம் போகோணும். கொஞ்ச நேரம் இவளை வச்சுக்கறீங்களா?"

எனக்குக் கேட்டது. நான் மூச்சை இழுத்து விட்டு, தூங்குகிறவனைப் போலவே புரண்டு படுத்தேன். அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு குழந்தையின் அழுகை மெல்ல நகர்ந்து போனது.

மறுநாள் மத்தியானம் மனைவிதான் பேச்சை எடுத்தாள். "ஏனுங்க, பங்குனிக்கு நாள் பாத்துப்போட்டீங்கன்னா சம்பந்தி ஊட்டுக்குச் சொல்லிப்போடலாம்."

நான் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். மாப்பிள்ளை வீடு பெரியநாயக்கன்பாளையம், எங்களுக்கு வடக்கே. செவ்வாயும் புதனும் சூலம், கழித்தாகிவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் சந்திராஷ்டம நாட்களைக் கழித்தேன். மீதியில் ஒரு வியாழக்கிழமையும் ஒரு திங்கட்கிழமையும் எந்தக் குறையுமில்லாமல் நின்றன. இரண்டையும் பார்த்தேன். அவற்றுக்கு முன்னால் இருந்த ராத்திரிகளையும் பார்த்தேன். மாசி முழுவதும், பங்குனியில் கொஞ்சம். தையில் குறை ஏதும் உண்டா என்று பார்க்காமலே கடைசி வியாழக்கிழமையைப் பிடித்தேன்.

"பங்குனில ஒண்ணும் அமையலை" என்றேன். "தை கடைசி வியாழக்கிழமைதான் இருக்குது. அதை உட்டா மாசி நாலாம் மாசம், ஆகாது. அப்புறம் சித்திரை தாண்டோணும்."

"அத்தனை சீக்கிரமாங்களா? புள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கலீங்களே!"

"சித்திரை தாண்டி வச்சிருந்தா அவங்க ஊட்டுல என்ன நினைப்பாங்க? உன் முட்டியை வேற பாக்கோணுமல்ல?"

எப்படி வந்ததோ, அவளுடைய வலியையும் என் பொய்க்கு முட்டாக வைத்துவிட்டேன். மகள் சுவரோரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா பாத்தாச் சரியாத்தான் இருக்குமுங்ம்மா" என்றாள்.

சம்பந்தியம்மா போனில் தயங்கினார். ஆனால் நாள் என்று வந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. "நீங்க சொன்னாச் செரிங்ணா" என்றார். அந்த வியாழக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து, ஆரத்தி எடுத்து, அவர்களைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு, அன்று மாலையே தன் தாயாரிடம் திரும்பிப் போனார். கிளம்பும்போது மகள் காரிலிருந்து தலையை நீட்டி, "இனி நீங்க நிம்மதியாத் தூங்கலாமுங்ப்பா" என்றாள். அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். இதை மறைத்தால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

மாப்பிள்ளைக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. நல்ல பையன். ஆனால் ஆர்டர் வந்தால் ராத்திரி வெகுநேரம் மெஷினை விட்டு நகர முடியாது. செங்குத்தான படிக்கட்டு, என் மனைவியின் முழங்கால் ஏறாது. ஆக, மகள் தனியாகத்தான் இருந்தாள். எனக்கு அது தெரியும். கிளம்பிப் போய் நாலு நாள் உடன் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

போனில் அவள் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. சொன்னதையே திரும்பச் சொல்வாள். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள். மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "புள்ள ராத்திரியெல்லாம் அழுகுதாமுங்க. இவ உக்காந்தபடியே இருக்கறாளாம்." நான் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன்.

ஒரு நாள் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, அந்த நாளு நல்ல நாளுதானுங்ளே?"

"ஏங்கண்ணு கேக்கறே?"

"இல்லீங்ப்பா, இங்க பக்கத்து ஊட்டுக்காரங்க சொல்றாங்க. நாள் சரியில்லாமக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான் புள்ள ராவெல்லாம் அழுகுமாம். நான் சொன்னேன், எங்கப்பா பாத்த நாளுங்கன்னு. அப்படின்னா பெத்தவகிட்டதான் ஏதோ இருக்குதுன்னு சொல்லிப்போட்டுப் போறாங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "நாள் நல்ல நாள்தான் கண்ணு" என்றேன். முதல் பொய்யில் அவளை வீட்டிலிருந்துதான் அனுப்பினேன். இரண்டாவது பொய்யில் பழியையும் அவள் தலையில் வைத்தேன். மறுமுனையில் அவள் "செரிங்ப்பா" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். பதட்டத்திலும் மரியாதை குறையாத பையன். "மாமா, பயப்படாதீங்க. புள்ள சோபாவுல இருந்து கீழ உழுந்துருச்சுங்க. இவ பால் குடுத்துட்டே தூங்கிப்போட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ட்டிருக்கறோமுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது பரிசோதனையெல்லாம் முடிந்திருந்தது. பக்கவாட்டில், காதுக்கு மேலே ஒரு வீக்கம். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். என் மகளைப் பார்த்து, "நீங்க கடைசியா எப்பம்மா தூங்குனீங்க?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் எங்களிடம் சொன்ன வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன. "அதுவா எந்திரிச்சு அழுதுச்சுன்னாச் சந்தோசம். நானும் வந்து வந்து பாப்பேன். ரொம்ப நேரம் எந்திரிக்கலைன்னா எழுப்பிப் பாருங்க. எழுப்பியும் முழிக்கலைன்னா உடனே கூப்புடுங்க."

குழந்தை தூங்கியது. பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்காத குழந்தை, அன்றைக்குப் பார்த்துத் தூங்கியது. மாப்பிள்ளை வெளியே வராந்தாவில் நின்றார். நானும் மகளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாதது எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. முனகலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எந்த முனகலுக்குப் பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டேனோ, அதே முனகலுக்கு.

மகள் குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். கால் உள்ளே போனது. அவ்வளவுதான். கண் திறக்கவில்லை.

"எந்திரி சாமி... எந்திரிச்சு அழு சாமி... அம்மா தூங்க மாட்டேன் இனிமே..."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க நல்ல நாள் பாத்துத்தான் அனுப்புனீங்க. எங்கிட்டத்தானுங்ப்பா ஏதோ சரியில்லை. மத்தவங்கெல்லாம் வளக்கலியா?"

இங்கே சொல்லக்கூடாது, இப்போது சொல்லக்கூடாது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். எழுந்து நர்ஸைக் கூப்பிடப் போனேன். நான் கதவைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து அந்த முனகல் வந்தது. அப்புறம் அமைதி. அப்புறம் வார்டே எழுந்து உட்காருகிற மாதிரி ஒரு வீறல்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண், "ஏனுங்க்கா, இந்தக் கத்துக் கத்துது! நம்ம காதெல்லாம் போச்சு" என்றாள். என் மகள் கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே, "கத்தட்டுமுங்க, கத்தட்டும்" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

காலையில் சம்பந்தியம்மா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். என் மனைவி ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்தாள். குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வராந்தாவில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா கையைப் பிசைந்துகொண்டே என்னிடம் பேசினார்.

"ஏனுங்ணா, இவளால தனியா முடியாதுங்க. எங்கம்மாளை உட்டுப்போட்டு எனக்கும் வர முடியல. கூட்டிட்டு வந்த புள்ளையை இப்படித் திருப்பி அனுப்பறது செரியில்லைதான். நீங்களே ஒரு நாள் பாத்துச் சொல்லிப்போடுங்க, உங்க ஊட்டுலயே கொஞ்ச நாள் இருக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்கே நல்ல நாள் என்று சொன்னால் போதும். காரியம் முடிந்துவிடும். மகளும் பேத்தியும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், இந்த முறை நானும் விழித்துக்கொள்வேன், எல்லாம் தானாகச் சரியாகிவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது மகள் குழந்தையின் வீக்கத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல மறைத்தாள். அவள் செய்த குற்றம் போல.

"பங்குனில ரெண்டு நாள் இருந்துச்சுங்க" என்றேன். "வியாழக்கிழமை ஒண்ணு, திங்கக்கிழமை ஒண்ணு. நெம்ப நல்ல நாளுங்க. நான் இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

சம்பந்தியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "ஏனுங்ணா, மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க. புள்ள அழுகறதுல எனக்குத் தூக்கம் போச்சுங்க. அதுக்குத்தான் நாளே பாக்காம தையைச் சொன்னேன்."

சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். என் மனைவி மெல்லிய குரலில், "என் முட்டியச் சொன்னீங்களே" என்றாள். அத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை எழுந்தார். ஏதாவது திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தேன். "டீ சாப்புடறீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

மகள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு ராத்திரி உங்க ரூம் கதவுகிட்ட வந்து கூப்புட்டேனே. முழிச்சுட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆமா கண்ணு."

"எனக்குத் தெரியுமுங்ப்பா" என்றாள். "வயசான மனுசன், பாவம்னு நெனச்சுக்கிட்டேன்."

அதற்கப்புறம் அவள் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ எங்கிட்டத் தப்பில்லை" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. தன் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள். அவர் தலையசைத்து, அவள் முதுகில் கை வைத்தார்.

"நான் உங்க ஊட்டுக்கு வரலீங்ப்பா" என்றாள் என்னிடம். "நீங்க எங்க ஊட்டுக்கு வாங்க. ராத்திரிக்கு."

அன்று மாலையே போனேன். "போங்க, போய் முழிச்சுட்டு இருங்க" என்று மனைவி ஒரு துண்டையும் போர்வையையும் பையில் திணித்துக் கொடுத்தாள். அதைத் தவிர ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தினமும் இருட்டுவதற்குள் பஸ் ஏறிப் பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கி, பட்டறையின் எண்ணெய் வாசனையைத் தாண்டிப் படியேறுவேன். மகள் பால் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுப்பாள். முன்ராத்திரி என் பொறுப்பு, பின்ராத்திரி மாப்பிள்ளையின் பொறுப்பு. பசிக்கு அழுதால் மட்டுமே அவளை எழுப்ப வேண்டும் என்று பேச்சு.

எந்த அழுகை பசி, எந்த அழுகை வேறு என்று எனக்கெப்படித் தெரியும்? முதல் ராத்திரி ஒவ்வொரு அழுகைக்கும் அவளை எழுப்பினேன். இரண்டாம் ராத்திரி எழுப்பவே இல்லை. பசித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "நீங்க படுங்கப்பா, உங்களால ஆகாது" என்றாள். நான் படுக்கவில்லை. அவள் உடுத்திக் களைந்த பழைய சேலையைத் தோளில் போட்டுக்கொண்டால் குழந்தை சீக்கிரம் அடங்குகிறது என்பது சில நாளில் தெரிந்தது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் அழுகை கூடும், கீழே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் குறையும். இப்படித்தான் கற்றுக்கொண்டேன். அப்போதும் மகள் உடனே தூங்கிவிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் விழித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் விழித்திருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. மாசி முடிவதற்குள் ஒரு ராத்திரி அவளுடைய குறட்டை கேட்டது. சின்ன வயதிலும் அவள் அப்படித்தான் குறட்டை விடுவாள் என்று என் மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் முதல் முறை.

பங்குனியில் சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகும் வைகாசி வரை போய்க்கொண்டிருந்தேன். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாள் பார்ப்பதை விட்டுவிட்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால் கண் சரியில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு அதுவும் பொய்தான் என்று உறைத்தது. இப்போது "நான் பாத்த நாளை நம்பாதீங்க" என்று மட்டும் சொல்கிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பேத்திக்குக் காது குத்தியபோது கொடுமுடியில் யாரோ ஒரு ஜோசியரிடம் நாள் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை போன் செய்து, "இன்ன தேதிங்க மாமா, நீங்க அவசியம் வரோணும்" என்று விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்தத் தேதியை நான் பஞ்சாங்கத்தில் திறந்து பார்க்கவில்லை. கை போனது. மூடி வைத்துவிட்டேன்.

மகளுக்கு இப்போது இரண்டாவது, ஐந்தாம் மாதம். இந்த முறை பிரசவத்துக்கு எங்கே என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்திருந்தபோது அவளே சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்பா, இந்தத் தடவையும் உங்க ஊட்டுக்குத்தான் வாரேன்."

"வா கண்ணு."

"திரும்பிப் போற நாளை நான்தான் சொல்லுவேன்."

"செரி கண்ணு."

"தொட்டிலை உங்க ரூமுல கட்டுங்க" என்றாள்.

மறுநாள் ஆள் கூட்டிவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டத்தில் கொக்கி அடிக்க வைத்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "நல்லா இழுத்துப் பாருங்க, தாங்குதான்னு" என்றாள். இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது.